சாவியில் ஒட்டிய சோப்பு

சாவிக்காரர் யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பார். முகம் நடிக்கும், கைக்கு நடிக்கத் தெரியாது என்பது முப்பது வருஷத் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். வங்கிக் கட்டிடத்தின் படிக்கட்டுக்கு அடியில் அவருடைய கடை. ஒரு மேசை, சாவி வெட்டும் இயந்திரம், நாலைந்து அரம், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள். மாற்றுச் சாவி கேட்டு வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பார். யாருடைய வீடு? இது யாரிடம் இருந்த சாவி? இன்னொன்று எதற்கு? பதிலில் லேசாகத் தடுமாறினாலும் போதும், சாவியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார். கூடப் பிறந்த தங்கை வந்தபோதும் இதையேதான் கேட்டார். அன்றிலிருந்து தங்கை வேறு கடைக்குப் போகிறாள்.

இத்தனைக்கும் அவர் நல்ல விசுவாசி. பொய் சொல்ல மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார். ஆனால் வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு யாராவது தவித்தால், ஞாயிறோ திங்களோ, சாப்பாட்டுக் கையை உதறிவிட்டு ஓடுவார். ஆண்டவரைப் பின்பற்றுகிறவன் கண்ணை மூடிக்கொண்டுதான் பின்பற்ற வேண்டும் என்று யார் சொன்னது என்பார். அவர் கண் மூடுவது ஜெபத்தின்போது மட்டும். அதிலும் பாதி நேரம் ஒரு கண் திறந்திருக்கும்.

அவர் போகும் சபை ஒரு பழைய கிடங்கின் மாடியில் கூடுகிறது. அறுபது பேர் இருப்பார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு, ஆண்டவரின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து. முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம், யார் மேலாவது மனத்தாங்கல் இருப்பவர்கள் அந்த ஆளின் வீட்டுக்கே போய், தனியாக, முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிட வேண்டும். வேறு யார் காதிலும் முதலில் போடக் கூடாது. கேட்கிறவர், சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டு மறுநாள் அப்பத்துக்குக் கை நீட்டவும் கூடாது. வாங்கிப்போன ஏணி திரும்பி வராதது, பாட்டில் ஒருவர் சுருதி தப்பி ஊரையே இழுத்துக்கொண்டு போவது, ஜன்னலோர நாற்காலி என்று பெரும்பாலும் சில்லறை விவகாரங்கள்தான். ஆனாலும் சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டால் அந்தச் சபையில் எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார்கள்.

சாவிக்காரர் அநேகமாக எல்லா மாதமும் யார் வீட்டுக்காவது போவார். அவர் வீட்டுக்குத்தான் ஒன்பது வருஷமாக யாரும் வரவில்லை. அதைத் தனக்குக் கிடைத்த நற்சான்று என்றே எடுத்துக்கொண்டார். மனைவியிடம் ஒருமுறை சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, நிமிர்ந்து பார்க்காமல் மடித்துக்கொண்டே இருந்தார்.

இந்தச் சபைக்குத்தான் பூனை வந்து சேர்ந்தான்.

பூனை என்பது போலீஸ் வைத்த பெயர். ஆள் நுழையவே முடியாது என்று எல்லோரும் நினைக்கும் சின்னக் காற்றுத் துவாரம் வழியாக நுழைந்துவிடுவான் என்பதால் வந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன் அவன் ஒரு சோப்புக் கட்டியோடு சாவிக்காரர் கடைக்கு வந்தான். சோப்பில் ஒரு சாவியின் அச்சு அழுத்தமாகப் பதிந்திருந்தது. சாவி தொலைந்துபோய்விட்டது, இதைப் பார்த்து ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டான். சாவிக்காரர் சிரித்த முகமாக நாளைக்கு வரச் சொன்னார். மறுநாள் அவனுக்காகச் சாவி காத்திருக்கவில்லை, இரண்டு போலீஸ்காரர்கள் காத்திருந்தார்கள். பழைய வழக்குகளெல்லாம் சேர்ந்துகொள்ள, உள்ளே போனவன் வெளியே வரப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

இப்போது வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் வேலை செய்கிறான். நான்கு மாதத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தான். சபையில் ஒரு தையல்காரம்மா, தன் வீட்டுப் பின்பக்க அறையை அவனுக்குக் கொடுத்திருந்தார். சிறையில் இருந்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். எதற்காக என்பது பாஸ்டருக்கும் சாவிக்காரருக்கும் மட்டுமே தெரியும். அவராகச் சொல்லும்போது சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம் என்று பாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். சாவிக்காரரும் வாயை மூடிக்கொண்டார். ஆனால் மண்டைக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. ஊரில் பதினோரு சபை இருக்கும்போது இவன் ஏன் இதைத் தேடி வந்தான்?

அவருக்குத் தெரிந்து இரண்டு காரணம்தான் இருக்க முடியும். காட்டிக்கொடுத்தவரைத் தேடிப் பழி தீர்க்க வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பீரோ.

பீரோ என்பது சபைக் கூடத்தின் மூலையில் நிற்கும் இரும்பு பீரோ. திருவிருந்துக் கிண்ணமும் தட்டும் அதில் இருக்கும். அவை போக, கால்வாய் ஓரம் குடியிருக்கும் குடும்பங்கள், மழைக்குத் தண்ணீர் புகுந்துவிடும் என்று பயந்து, வீட்டுப் பத்திரத்தையும் பிள்ளைகளின் சான்றிதழையும் கல்யாண நகையையும் துணியில் சுற்றி அதற்குள்தான் வைத்திருந்தார்கள். அதன் பூட்டு சாவிக்காரர் கையால் செய்தது. உள்ளே, சாவிப் பல் தூக்கிவிட்டால்தான் திறக்கும் ஏழு நெம்புத் தகடுகள். சாதாரண பீரோப் பூட்டுக்கு மூன்று இருந்தால் அதிகம். இரண்டே சாவி, ஒன்று பாஸ்டரிடம், ஒன்று அவரிடம்.

போன மாதத் திருவிருந்தன்று சாவிக்காரருக்குக் கடுமையான காய்ச்சல். பாஸ்டர் வெளியூர் போகும்போது தன் சாவியை மறந்து சட்டைப் பையிலேயே கொண்டுபோய்விட்டார். வேறு வழியில்லாமல் சாவிக்காரரின் மனைவி இவருடைய சாவியைக் கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பாஸ்டரம்மாவிடம் கொடுத்தார். சாயங்காலம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது பூனை. வாசலிலேயே நின்று, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்து, சாவியை இரண்டு கையாலும் நீட்டினான். அந்தப் பணிவே சாவிக்காரருக்குப் பிடிக்கவில்லை.

அவன் போனதும் சாவியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பல்லிடுக்கில் வெளிறிய பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். சோப்பு.

சாவியில் சோப்பு ஒட்டியிருந்தால் சாவிக்காரனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அச்சு எடுத்திருக்கிறான். காய்ச்சல் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார்.

அடுத்த நாலு வாரமும் அவர் கண் பூனையை விட்டு அகலவில்லை. பூனை கூடத்தைப் பெருக்கினால், பீரோ பக்கம் ஏன் இரண்டு தடவை பெருக்குகிறான் என்று பார்த்தார். பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொடுத்தால், விரலில் அரத்தூள் இருக்கிறதா என்று பார்த்தார். விரலில் வண்ணக் கறைதான் இருந்தது. பார்த்தாயா, தூளை மறைக்க வண்ணம் என்று முடிவு செய்தார். கால்வாய்க் குடும்பங்களின் மூட்டைகளை நினைத்தால் உண்மையாகவே அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வீட்டுப் பத்திரம் போனால் அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அந்தக் கவலையில் கபடம் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை வந்தது. வழக்கப்படி அவர் போக வேண்டிய இடம் தையல்காரம்மா வீட்டுப் பின்னறை. போய், சாவியில் சோப்பு இருந்தது, ஏன் என்று ஒரே ஒரு வாக்கியம் கேட்டிருக்கலாம். மனைவிகூட இந்த மாதம் யார் வீட்டுக்கு என்று கேட்டார். யார் வீட்டுக்கும் இல்லை என்றார் சாவிக்காரர். திருடனிடம் போய், உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யாராவது சொல்வார்களா? உஷாராகிவிட மாட்டானா? அந்த வழக்கம் சகோதரர்களுக்கு உள்ளது, இவன் சகோதரன்தானா என்பதே இன்னும் தீரவில்லையே. இப்படித் தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டு, கருவிப் பையோடு நேராகக் கூடத்துக்குப் போனார்.

எண்ணெய் போட வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பூட்டைக் கழற்றினார். இரண்டு தகடுகளை மாற்றினார். இனிமேல் பழைய சாவி பாதி திரும்பி நின்றுவிடும். பிறகு கரியையும் கிரீஸையும் குழைத்துச் சாவித் துவாரத்தின் விளிம்பைச் சுற்றிப் பூசினார். கள்ளச் சாவியோடு வருகிறவன் திறக்க முடியாமல் போராடுவான், கையெல்லாம் கரியாகும், கழுவினாலும் எளிதில் போகாது. காலையில் ஏழு மணிக்கே வந்து, கரியைத் துடைத்து, பாஸ்டரிடம் புதுச் சாவியைக் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிடுவதாகத் திட்டம்.

காலையில் ஆறரைக்கு, எதிர்த்தெருப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கதவு சாத்திப் பூட்டிக்கொண்டதாம், உள்ளே அடுப்பில் பால், தொட்டிலில் குழந்தை. சாவிக்காரர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அது பிடிவாதமான பூட்டு. திறந்து, குழந்தையைத் தாய் கையில் பார்த்துவிட்டு, பூட்டைக் கழற்றிச் சரிசெய்து மாட்டிவிட்டு, சபைக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பதேகால்.

மாடியேறும்போதே சலசலப்பு கேட்டது. எல்லோரும் பீரோவைச் சுற்றி நின்றார்கள். நடுவில், சாவித் துவாரத்தின் முன்னால் குனிந்திருந்தது பூனை. அவன் நிமிர்ந்து திரும்பினான். வலது கை விரல் ஐந்தும் கரி.

பாஸ்டரைத் தனியே கூப்பிட்டிருக்கலாம். அவனையே தனியே கூப்பிட்டிருக்கலாம். நாலு வாரம் அடக்கி வைத்தது அவர் வாயில் நிற்கவில்லை.

"அவன் கையைப் பாருங்க எல்லாரும்" என்றார். "போன மாசம் என் சாவிய சோப்புல அச்சு எடுத்திருக்கான். பதினாலு வருஷத்துக்கு முன்னால இதே மாதிரி சோப்போட என் கடைக்கு வந்தவன்தான் இவன். எத்தனை வீட்டுல புகுந்தவன்னு போலீஸ்ல கேட்டுப் பாருங்க."

தையல்காரம்மாவின் கை தன்னையறியாமல் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. பூனை கரியான கையை மறைக்கவில்லை.

பாஸ்டரம்மாதான் முன்னால் வந்தார். தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். இரண்டும் கரி. பக்கத்தில் நின்ற பாஸ்டரின் கை கரி, வேர்வையைத் துடைத்ததில் நெற்றியும் கரி. சுருதி தப்புகிறவர் கை கரி, ஏணிக்காரர் கை கரி. பூட்டு திறக்கவில்லை என்றால் கூட்டத்தில் ஆளாளுக்கு ஒரு கை பார்ப்பார்கள் என்பது ஏழு தகடு வைத்துப் பூட்டுச் செய்தவருக்குத் தோன்றாமல் போயிற்று. பூனை எட்டாவது ஆளாகத்தான் குனிந்தான், அதுவும் பாஸ்டரம்மா கூப்பிட்டதால்.

"சோப்பு நான் தடவினது அண்ணே" என்றார் பாஸ்டரம்மா. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "உங்க பூட்டு இறுக்கம். எத்தனையோ வருஷமா சாவியில சோப்பு தடவித்தான் திறக்கிறேன். போன மாசம் உங்க சாவிக்கும் அப்படித்தான் தடவினேன்."

"என் பூட்டு இறுக்கமா? யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்றதுக்கு ரெண்டு சனிக்கிழமை உங்க வாசல் வரைக்கும் வந்தேன். பயமா இருந்துச்சு, திரும்பிட்டேன்."

சாவிக்காரர் மற்ற முகங்களைப் பார்த்தார். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. ஒவ்வொருவரும் எப்போதோ அந்த வாசல் வரை வந்து திரும்பியவர்கள் போலவே நின்றார்கள். ஒன்பது வருஷத்து நற்சான்று அங்கேயே கிழிந்தது. அவர் புதுச் சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். மூட்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அப்பம் அவர் வரிசைக்கு வந்தபோது கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். ஆராதனை முடிந்து தலை தூக்கிப் பார்த்தபோது பூனை இருந்த நாற்காலி காலி.

மத்தியானம் சாப்பிடாமலே கிளம்பினார். சோப்பு விஷயம் தெளிந்துவிட்டது, ஆனால் வாயிலிருந்து கொட்டிய மற்றது கொட்டியதுதான் என்பது தையல்காரம்மாவின் வாசலிலேயே தெரிந்தது. ஊரார் துணியெல்லாம் என் பொறுப்பில் இருக்கிறது, நான் ஒண்டிக்கட்டை, அவனைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன் என்று அந்த அம்மா, கேட்காமலே சொன்னார். இப்படி எல்லோரும் சாவிக்காரர் கண்ணால் பார்க்கப் பழகியது அவரால்தானே.

பின்னறையில் ஒரு கட்டில், பழுதான தையல் இயந்திரம் ஒன்று, துண்டுத் துணி மூட்டைகள், தகர டப்பாவில் நிற்கும் தூரிகைகள். பூனை ஒரு பைக்குள் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். சாவிக்காரர் உட்காரவில்லை. தான் செய்தது தப்பு, நேற்றே இங்கே வந்து கேட்டிருக்க வேண்டும், எல்லார் முன்னாலும் அவன் மானத்தை வாங்கியதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சபை வழக்கப்படி அவன் இடையில் பேசாமல் கேட்டான்.

"மன்னிச்சிட்டேன்" என்றான் பிறகு. "ஆனா ஒண்ணு கேக்கணும். இனிமே என்னைச் சந்தேகப்பட மாட்டேன்னு உங்களால சொல்ல முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டால் காரியம் சுலபமாக முடிந்துவிடும். சாவிக்காரர் வாயைத் திறந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு நகரவில்லை. இப்போதுகூட அவர் கண் அந்தப் பையின் பக்கவாட்டு உப்பலில் என்ன இருக்கும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது.

"முடியாது" என்றார். "எனக்குச் சந்தேகம் வரும். ஆனா வந்தா முதல்ல உன்கிட்டதான் வருவேன். வேற யார்கிட்டயும் போக மாட்டேன்."

பூனை பையை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தான். "அப்ப இப்பவே ஆரம்பிங்க. மனசுல இன்னும் என்ன இருக்கு?"

"ஊர்ல இத்தனை சபை இருக்கு. நீ ஏன் இங்க வந்தே? உன்னைப் பிடிச்சுக் குடுத்தவன் இங்கதான் இருக்கேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் வந்தேன்."

சாவிக்காரருக்குப் பயம் இன்னும் போகவில்லை.

"வேற சபைக்குப் போயிருந்தா, என்னை யாருக்கும் தெரியாது. நல்லவன்னு நினைப்பாங்க. என்னைக்கு யாரு வந்து சொல்லுவாங்களோன்னு தினமும் செத்துப் பிழைக்கணும். இங்க நீங்க இருக்கீங்கன்னு பாஸ்டர் சொன்னாரு. முதல் நாளே என்னோட மோசமானதைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் உள்ள இருக்காரு. அவரு பக்கத்துல உக்காந்து பாட முடிஞ்சா வேற எங்கயும் இருந்துடலாம்னு நினைச்சேன்."

இந்தப் பதிலில் தடுமாற்றம் இருக்கிறதா என்று சாவிக்காரர் பழக்கதோஷத்தில் தேடிப் பார்த்தார். இல்லை. கட்டிலின் ஓரத்தில் தானாகவே உட்கார்ந்துவிட்டார். பழி வாங்க வந்தவன் என்று நாலு மாதமாக யாரைக் காவல் காத்தாரோ, அவன் இவரை நம்பி வந்திருக்கிறான். அந்த நம்பிக்கையைத்தான் காலையில் அறுபது பேர் நடுவில் போட்டு உடைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை மறைக்க மூக்கைச் சிந்தினார். பூனை தூரிகைகளைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்புறம் எழுந்து, அவனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, முன்பக்கம் போனார். தையல்காரம்மா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். காலையில் நான் பேசியது தப்பு, அடுத்த ஞாயிறு சபையிலும் எழுந்து சொல்லப் போகிறேன், அவனைக் காலி செய்யச் சொல்லாதீர்கள் என்றார் சாவிக்காரர்.

தையல்காரம்மா ஊசியை நிறுத்தாமல், "அது சரி" என்றார். "நாளைக்கு இந்த வீட்டுல ஒரு பொருள் காணாமப் போச்சுன்னா? அப்ப நான் யாரைக் கேக்கறது?"

அதே குரல், அதே சந்தேகம். அவருக்குத் தன் கடை மேசைக்கு எதிர்ப்பக்கம் தானே நிற்பதுபோல் இருந்தது.

"என்னைக் கேளுங்க" என்றார். "இந்த வட்டாரத்துல எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிஞ்சவங்க நாங்க ரெண்டு பேருதான். ஒரு ஊசி காணாமப் போனாலும் முதல்ல என் வீட்டுக்கு வாங்க. என் பெட்டி, என் பை, என் மனைவியோட அலமாரி, எல்லாத்தையும் கொட்டிப் பாருங்க. கிடைக்கலன்னா அப்புறம் அவன் அறைக்குப் போங்க."

தையல்காரம்மா ஊசியை நிறுத்தி, முதல் தடவையாகச் சாவிக்காரரின் கைகளை ஏற இறங்கப் பார்த்தார். நகக்கண்களில் நேற்றுப் பூசிய கரி இன்னும் போகாமல் இருந்தது. அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவில்லை, பார்க்கட்டும் என்று நீட்டியபடியே நின்றார்.

"உங்க வீட்டு நம்பர் என்ன?" என்று கேட்டார் தையல்காரம்மா. சாவிக்காரர் சொன்னார். அந்த அம்மா அளவு எழுதும் நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.